ஏழுமலை பேர் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்

வினோத்,

இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவரை முதலில் உட்கார வை. மின்விசிறியைப் போடு, குடிக்கத் தண்ணீர் கொடு. கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, இன்னொரு ரயில் பிடித்துத் திருநின்றவூர் வந்து, உன் மூன்றாம் மாடி ஏறியிருக்கிறார். நீ கடைசி வரி வரைக்கும் படிக்கிற வரையில் எழுந்துவிடக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்துவிடுவாய். மூன்று வாரமாக என் போனை எடுக்காதவனுக்கு வேறு எப்படி எழுதுவது? சனிக்கிழமை காலையில் வந்து காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு, அப்படியே விமான நிலையத்துக்குக் கிளம்பி ஜெர்மனிக்குப் போகப்போவதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறாயாம். வராதே. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு எங்கள் மில்லில் என்கொயரி. அதற்கு வராதவன் சனிக்கிழமை என் வாசலை மிதிக்க வேண்டாம். பெற்றவள் இப்படி எழுதுவாளா என்று நினைப்பாய். எழுதுவாள்.

இது உறையில் போட்டு ஒட்டிய கடிதமும் இல்லை. உனக்கு முன்னால் இரண்டு பேர் படித்துவிட்டார்கள், உனக்குப் பின்னால் என்கொயரி அறையில் எல்லோருக்கும் முன்னால் படிக்கப்பட வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். இந்தப் புத்தகம் எது என்று அட்டையைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். பத்தொன்பது வருடம் நான் உட்கார்ந்த பர்மிட் மேசையின் கடைசி ரிஜிஸ்டர் இது. இதற்குப் பதிலாக உன் கம்பெனி ஆப் போட்ட தொடுதிரை டேப்பை நீ கொண்டுவந்த அன்று பாதியில் நின்றுபோனது. சிறுவனாக இருந்தபோது இதுபோன்ற பழைய ரிஜிஸ்டர்களின் மிச்சப் பக்கங்களில்தான் கணக்குப் போட்டுப் பழகினாய். கம்பி உருட்டும் மில்லில் ஒரு மெஷினைப் பழுது பார்க்க வேண்டுமென்றால், முதலில் கரண்டை நிறுத்தி சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை என்னிடம் கொடுக்க வேண்டும். யார் யார் உள்ளே போகிறார்களோ அத்தனை பேரும் இதில் பெயர் எழுத வேண்டும். அத்தனை பேரும் வெளியே வந்து பெயரை அடித்த பிறகுதான் சாவி என் கையைவிட்டுப் போகும். ஷிப்ட் மாறும்போதுகூட ரிஜிஸ்டரை மேசையில் வைத்துவிட்டுப் போக முடியாது. ஒருத்தர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு நேராகக் கொடுத்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி வாங்கிய பிறகுதான் கிளம்பலாம். மில்லுக்கு ஒரே ரிஜிஸ்டர்தான். அவ்வளவுதான் என் வேலை. அதை ஒழுங்காகச் செய்தேன்.

அதற்கு மேலே நானாக வைத்துக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் மெஷின் பக்கத்திலேயே போய் நின்று, உள்ளே போனவர்களின் பெயரை ஒவ்வொன்றாக மூன்று முறை கூப்பிடுவேன். அந்தச் சத்தத்தில் கேட்க வேண்டுமென்றால் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். எனக்கு மைக் செட்டு என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். டேப்பைக் காட்ட உன் மேனேஜரோடு நீ முதல் முறை மில்லுக்கு வந்தபோது நான் கத்திக்கொண்டிருந்தேன். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மேனேஜர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் என் காதருகே வந்து, "இன்னாம்மா இது, மீன் மார்க்கெட்டு மாதிரி கத்திக்கினு. இந்த மில்லு சத்தத்துல எவனுக்குக் கேக்கும்? பேஜாரா கீதும்மா. அதான் ஸ்கிரீன்லயே பச்சை காட்டுதே, அத்த பாத்துட்டு சாவிய குடு" என்றாய். அன்றோடு நிறுத்தினேன். உனக்கு வெட்கமாக இருக்கிறதே என்று நிறுத்தினேன். அதைவிடப் பெரிய காரணம், என் மகன் செய்த ஸ்கிரீன் என்ற திமிர். வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "எங்க வினோத்து பண்ணது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டேப்பைத் துடைப்பதற்கென்று வீட்டிலிருந்து தனித் துணி கொண்டுபோனவள் நான்.

நீ இதைச் செய்ய ஆரம்பித்தபோது நம் வீட்டுச் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "ரிஜிஸ்டர் எப்டிம்மா போகும், ஒண்ணுவுடாம சொல்லு" என்றாய். நான் மீன் ஆய்ந்துகொண்டே ஒன்றுவிடாமல் சொன்னேன். ரிஜிஸ்டர் ஒன்றே ஒன்றுதான், அதுதான் கை மாறும், அவரவர் தனியாக நோட்டுப் போட்டுக்கொள்ள முடியாது என்று இரண்டு தடவை சொன்னேன். நீ போனில் ரெக்கார்டு செய்துகொண்டாய். ரெக்கார்டு செய்தவன் அதை ஒருமுறை திருப்பிக் கேட்டிருக்கலாம். முதல் நாள் 'டெஸ்ட்' என்று ஒரே ஒரு பெயரைப் போட்டாய், எடுத்தாய், பச்சை வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். மில்லில் எந்த வேலைக்காவது ஒருத்தர் மட்டும் உள்ளே போய் நீ பார்த்திருக்கிறாயா?

அன்றைக்கு நடந்ததை நீ காகிதத்தில்தான் படித்தாய். நான் கண்ணால் பார்த்தவள், சொல்கிறேன். ஆறுவதற்காகக் கம்பிகளை நகர்த்திக்கொண்டு போகும் ரோலர் வரிசையில் ஒரு மோட்டார் கெட்டுப்போனது. கன்னியப்பன் பெயரில் பர்மிட் திறந்தேன். அவர் பழைய ஃபிட்டர், நீ சின்ன வயதில் அவர் சைக்கிளில் ஏறிப் பள்ளிக்கூடம் போயிருக்கிறாய். கொஞ்ச நேரத்தில் எலக்ட்ரீஷியன் ஏழுமலை வந்தார். "எக்கா, நானும் போறேன்" என்று சொல்லிவிட்டு, என் மேசையிலேயே டேப்பில் பெயர்ப் பக்கத்துக்குப் போய்த் தன் பெயரைப் போட்டார். வலது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் போட்டார். அவருக்கு அதில் வேகம் கிடையாது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலை வேறு வேலை எதுவும் வரவில்லை, டேப்பை யாரும் தொடவும் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கன்னியப்பன் வெளியே வந்து, தன் பங்கு வேலை முடிந்தது என்றார். பர்மிட் பக்கத்திலேயே அவர் பெயரை எடுத்தேன். திரை பச்சையாகி, உள்ளே யாரும் இல்லை என்றது. அப்போது ஆபரேட்டர் வந்து சாவி கேட்டான். என் தலை, ஏழுமலையும் போனாரே என்று சொன்னது. சொல்லாமல் இல்லை. அந்த ஒரு நொடி எனக்கு இன்னமும் அப்படியே நினைவில் இருக்கிறது. அவர் எப்போது வந்து பெயரை எடுத்தார், நான் கவனிக்கவில்லையா என்று நினைத்தேன். பிறகு, வினோத்து பண்ணது தப்பாகுமா என்று நினைத்தேன். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

கரண்ட் வந்து ரோலர் சுற்றியதும் ஏழுமலை போட்ட சத்தம் என் மேசைக்குக் கேட்டது. நான் கத்தும்போது மில் சத்தத்தில் எதுவும் கேட்காது என்று சொன்னாயே, அது கேட்டது. பெயர் போட்ட அதே ஆள்காட்டி விரலும் அதற்கு அடுத்த விரலும் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில் அவர் அழவில்லை, திட்டவில்லை. "எக்கா, நான் பேரு போட்டுக்கினுதான் போனேன். நீ பாத்துக்கினுதானே இருந்த?" என்று அதையே கேட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் உன் கம்பெனியிடம் மில் விளக்கம் கேட்டது. நீ மெயில் அனுப்பினாய். எச்.ஆர். அதை எனக்குப் படித்துக் காட்டினார். பதிவில் அந்த நபரின் பெயர் இல்லை, பெயர் இல்லையென்றால் அவர் போடவில்லை என்றே பொருள், செயலியில் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தாய். கீழே உன் பெயர். நீ பார்த்தே இராத ஒரு மனுஷனை, படுத்த படுக்கையில் இருப்பவனை, மூன்று வரியில் பொய்யனாக்கிவிட்டாய். பெயர் போடாமல் திருட்டுத்தனமாக உள்ளே போனார் என்று அவர்மேல் சார்ஜ் ஷீட் கொடுத்திருக்கிறார்கள். நான் என் கண்ணால் பார்த்தேன் என்றேன். "மேடம், நீங்க நல்லவங்கதான், ஆனா சிஸ்டம் பொய் சொல்லாது" என்றார் எச்.ஆர். அந்த சிஸ்டத்தைப் பெற்றவளிடமே சொல்கிறார்.

அந்த மெயில் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை நீயே போன் செய்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. தெரியாமல் எழுதினாய் என்றால்கூட மன்னித்திருப்பேன். "அம்மா, ஒரு சின்ன விஷயம்மா" என்று ஆரம்பித்தாய். "மூணு ஸ்கிரீன் கீதுல்ல. மெஷின் லிஸ்ட்டு, பர்மிட்டு, பேரு. ஒவ்வொரு ஸ்கிரீனும் டேட்டாவ எடுத்து வச்சிக்கினு வேல செய்யிற எடம் ஒண்ணு கீது, கான்டெக்ஸ்ட்டுன்னு பேரு. மொத ஸ்கிரீனு தன்னோடத ரெண்டாவதுக்குக் குடுக்கணும், ரெண்டாவது மூணாவதுக்குக் குடுக்கணும். உன் ரிஜிஸ்டர் மாதிரி. நான் அவசரத்துல அதது தனியா ஒண்ணு போட்டுக்கிற மாதிரி வுட்டுட்டேன்." அப்படியென்றால் மூன்று ரிஜிஸ்டரா என்று கேட்டேன். அப்படித்தான் வைத்துக்கொள் என்றாய். ஏழுமலை போட்ட பெயர் எங்கேடா போனது என்று கேட்டேன். "மூணாவதுல போட்டாரு, சேவும் ஆயிடிச்சி. ஆனா ரெண்டாவது ஸ்கிரீனுக்கு அது தெரியாது, அது பழசையே வச்சிக்கினு இருந்திச்சி. நீ கன்னியப்பன் பேர எடுத்து சேவ் பண்ணப்ப, அந்தப் பழசு போயி மேல குந்திக்கிச்சி. ரெண்டும் முட்டிக்கினா கடைசியா எழுதுனதே சரின்னு நான்தான் வச்சேன். இல்லாங்காட்டி எரர் எரர்னு வந்துக்கினே இருந்திச்சிம்மா."

ஒன்றோடொன்று முட்டுகிறது என்று அது கத்தியிருக்கிறது, வினோத். என் வாயை மூடியதுபோல அதன் வாயையும் மூடிவிட்டாய். இதை யாரிடமும் சொல்லாதே, அடுத்த வாரம் விசா, இந்த ஆப்பைக் காட்டித்தான் ஜெர்மனி போஸ்டிங் கிடைத்திருக்கிறது என்று போனை வைத்தாய். திங்கள்கிழமை காலையில் டேப்பில் ஒரு அப்டேட் வந்தது. என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்த பையனைப் படிக்கச் சொன்னேன். சிறு மேம்பாடுகள் என்று போட்டிருக்கிறது என்றான். இரண்டு பெயரைப் போட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். இன்னொன்று சரியாக நின்றது. அன்றைக்கு அந்த டேப்பைத் தூக்கித் தரையில் அடிக்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், அது மில்லின் பொருள். ஒரு மனுஷனின் இரண்டு விரல் உனக்குச் சிறு மேம்பாடு. சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டாய், அதற்கு முன்னால் நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாய். திருடிய பொருளைத் திருப்பி வைத்தால் திருடவே இல்லை என்று ஆகிவிடுமா?

இந்தப் புத்தியை நீ ஆபீசில் கற்றுக்கொண்டாய் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அதுவும் என்னால் முடியவில்லை. நீ ஆறாவது படிக்கும்போது நானும் அப்பாவும் சண்டை போட்டு, அவர் காட்டுப்பள்ளிப் பக்கம் போய் அறை எடுத்துத் தங்கினார். உன்னிடம் அப்பாவுக்குக் கப்பல் கட்டும் இடத்தில் ஓவர்டைம் என்றேன். அவரிடம், பையன் உன்மேல் கோபமாக இருக்கிறான், பேசமாட்டானாம் என்றேன். பெரியம்மாவிடம் மூன்றாவதாக ஒரு கதை. ஒருத்தர் சொல்வது இன்னொருத்தருக்குப் போகாமல் ஒரு வருடம் காவல் காத்தேன். என் வீட்டிலும் ஆளுக்கொரு ரிஜிஸ்டர்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் மீஞ்சூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் மூன்று பேரும் நேருக்கு நேராக நின்றோம். "ஏன் நைனா என்ன பாக்க வர்ல?" என்று கேட்டாய். "நீதான்டா பேசமாட்டேன்னியாம்" என்றார் அப்பா. இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். ரயில் வந்து போய்விட்டது, நான் ஏறவில்லை. அந்தப் பார்வைக்கு நான் அன்றே பதில் சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தில் வேண்டாம், வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வீட்டிலும் பேசவில்லை. நானும் சத்தமில்லாமல் ஒரு அப்டேட் போட்டேன், அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன், எல்லாம் சரியாகிவிட்டது. அப்படித்தான் நீ கற்றுக்கொண்டாய். இப்போதாவது சொல்கிறேன். அன்று பொய் சொன்னது நான்தான், உன் அப்பா இல்லை. நீ அவரிடம் இழந்த ஒரு வருடத்துக்கு நான்தான் காரணம்.

அப்பா இந்தக் கடிதம் வேண்டாம் என்கிறார். "பெத்த புள்ளைய காட்டிக் குடுக்கிறியே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்று இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைக்கிறார். "அந்த ஆளுக்குப் போன வெரலு திரும்பியா வரப்போவுது?" என்றும் கேட்கிறார். வராது. ஆனால் ஏழுமலைக்கு வேலை போகும், சார்ஜ் ஷீட்டோடு வெளியே போனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த மில்லும் அவரை உள்ளே சேர்க்காது. அதையெல்லாம்விட, அவர் மகள் அவரிடம் கேட்டிருக்கிறாள், "யப்பா, நெஜமாவே பேரு போட்டியா?" என்று. வீட்டிலேயே ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை எடுக்க என் கண் போதவில்லை, கன்னியப்பனின் வாயும் போதவில்லை. கூட்டாளிக்காகப் பேசுகிறார்கள் என்று தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பெயர் போடப்பட்டது, பிறகு எப்படி அழிந்தது என்று சொல்லக்கூடியவன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறான்.

உன்னை மாட்டிவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. வியாழக்கிழமை நான்தான் முதலில் பேசப்போகிறேன். சந்தேகம் வந்தும் பெயரைக் கூப்பிடாமல் சாவியைக் கொடுத்தேன், மூன்று முறை கத்தியிருந்தால் அவர் விரல் இருந்திருக்கும் என்று சொல்வேன். என்னை வேலையைவிட்டு எடுப்பார்கள். எடுக்கட்டும். என் பங்கு எனக்கு. ஆனால் உன் பங்கையும் நான் தூக்கிக்கொள்வேன் என்று எதிர்பார்க்காதே. பெற்ற பாவத்துக்கு நிறையத் தூக்கிவிட்டேன், இது கனம் அதிகம். இதே ஆப் வேறு மில்களிலும் இருக்கிறதாமே. அவர்களுக்கும் சொல்லிவிட்டாயா, இல்லை அங்கேயும் சிறு மேம்பாடுதானா?

இந்தக் கடிதத்தின் கீழே நாலு வரி இருக்கிறது, பார். முதலில் என் கையெழுத்து. அடுத்தது கன்னியப்பன், 'ரெண்டு பேரும்தான் உள்ளே போனோம்' என்று எழுதிப் போட்டிருக்கிறார். மூன்றாவது ஏழுமலை. இடது கையால் எழுதியிருக்கிறார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோலக் கோணல்மாணலாக இருக்கும், ஆனால் பெயர் படிக்க முடிகிறது. எழுத அரை மணி நேரம் ஆனது. நாலாவது வரி காலி. யூனியன்காரர் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார், உன் மகனை நம்பி ஒரே பிரதியையும் அவனிடமே அனுப்புகிறாயா என்று சத்தம் போட்டார். நான் எடுக்கவில்லை. போட்டோகூடப் பிடிக்கவில்லை. இருப்பது இது ஒன்றுதான். நீ கிழித்துப்போட்டால் எங்கள் மூன்று பேரிடமும் எதுவும் இல்லை. நீ கிழிக்கமாட்டாய் என்று நம்பி அனுப்புகிறேனா என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. உன்மேல் எனக்கு இப்போது கோபம் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் ரிஜிஸ்டரைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தே பழகிவிட்டேன், வேறு மாதிரி எனக்குத் தெரியாது. நடந்ததை எழுது, கையெழுத்துப் போடு, வியாழக்கிழமை நீயே எடுத்துக்கொண்டு வா.

அவ்வளவுதான், படித்து முடித்துவிட்டாய். இப்போது தலையைத் தூக்கு. எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் ஏழுமலை. கையில் கட்டைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், தெரியாததுபோல் குனிந்து படித்துக்கொண்டிருந்திருப்பாய். பேனா அவர் சட்டைப் பையில் இருக்கிறது. இடது கையால்தான் எடுத்து நீட்டுவார். மரியாதை தெரியாதவர் என்று நினைத்துவிடாதே. வாங்கிக்கொள்.

அம்மா